பெட்டிக்கு வெளியே ஒரு படம்

மேசையில் இருந்தவள் தேனுஜாவைப் பார்க்கவில்லை. தன் மடியில் கிடந்த பிள்ளையையும் பார்க்கவில்லை. கண்ணாடித் துண்டு பதித்த அவளுடைய கண்கள் இரண்டு பேருக்கும் மேலாகச் சேமிப்பறையின் சாம்பல் நிறக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

உயரம் இருபத்தெட்டு சென்ரிமீற்றர். ஒரே மரத்தில் செதுக்கியது. சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தலையில் பின்னல் வேலை செய்த தொப்பி, தோளிலும் முதுகிலும் தழும்புக் கோலம், இரண்டு கைகளிலும் காப்பு. உடம்பு முழுக்க யாரோ பல வருடம் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய சிவப்பு, இப்போது மங்கிப்போய், மடிப்புகளுக்குள் மட்டும் மிச்சமிருந்தது. கொங்கோ ஆற்றின் கீழ்க்கரையிலிருந்து 1909ஆம் ஆண்டு ஹம்பேர்க்குக்குக் கப்பலில் வந்தாள் என்று பழைய பதிவேடு சொன்னது.

தேனுஜா கையுறையைச் சரிசெய்துகொண்டாள். அருங்காட்சியகப் பொருட்களைப் பழுதாகாமல் பேணுவது அவள் வேலை. பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் பொருட்களுக்கு நஞ்சு பூசியிருக்கிறார்கள். வெறுங்கையால் தொடக்கூடாது. ஒரு காலத்தில் எந்தெந்தக் கைகளோ எண்ணெயும் சிவப்பும் பூசித் தடவிய ஒருத்தியை இனி எவரும் தொட முடியாது என்பது விடுமுறைக்கு முன் அவளுக்கு வெறும் வேலை விதியாகத்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. வேலைக்குத் திரும்பிய இந்த இரண்டு வாரத்தில் பல விஷயங்கள் அப்படி இல்லை.

பதினாறு வாரங்களுக்கு முன் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. முப்பத்தெட்டாவது வாரத்தில், இறந்து பிறந்தது. பெண்பிள்ளை. தேனுஜா அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்க்க விருப்பமா என்று மருத்துவிச்சி மூன்று தரம் கேட்டாள். தேனுஜா யன்னலுக்கு வெளியே, எதிரிலிருந்த வாகனத் தரிப்பிடக் கட்டடத்தின் நீலப் பலகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கணவன் மதீசன்தான் கையை நீட்டி வாங்கினான். அவன் வாங்கியதும் திருப்பிக் கொடுத்ததும் துணி உரசும் சத்தமாக மட்டும் அவள் காதில் விழுந்தன. மருத்துவிச்சி, எடுத்ததும் படம் வெளியே வரும் பழைய மாதிரிக் கமராவால் இரண்டு படம் எடுத்தாள். பிள்ளையின் பாதத்தை மையில் ஒற்றி அட்டையில் பதித்தாள். கொஞ்சம் முடி, ஒரு பின்னல் தொப்பி. எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஊதா நாடாவால் கட்டினாள்.

"இப்போது திறக்க வேண்டும் என்றில்லை," என்றாள். "ஒரு வருடம் கழித்தோ பத்து வருடம் கழித்தோ திறக்கலாம். இது காத்திருக்கும்."

வீட்டில் அந்தப் பெட்டி இருந்தால் தன்னால் மூச்சுவிட முடியாது என்று தேனுஜாவுக்குத் தோன்றியது. அம்மாவின் கையில் கொடுத்தாள். "நீங்கள் வச்சிருங்கோ அம்மா. நான் கேக்கேக்கை தாங்கோ." அம்மா தலையாட்டி வாங்கினாள். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் டோர்ட்மண்டில், அம்மாவின் அலுமாரிக்குள் எங்கேயோ அந்த முகம் இருக்கிறது என்ற எண்ணம்தான் தேனுஜாவை இந்தப் பதினாறு வாரமும் காலையில் கட்டிலை விட்டு எழுப்பிவந்தது. அவள் அதை யாருக்கும் சொல்லவில்லை.

சிலையைப் பார்க்க வந்திருந்த பேனாட் மேசையின் மறுபுறம் நின்றுகொண்டிருந்தான். ஆஹென் நகரத்திலிருந்து வந்திருந்தான். கொங்கோவிலிருந்து வந்த தாய் சேய்ச் சிற்பங்கள் இந்தப் பகுதி அருங்காட்சியகங்களில் எத்தனை கிடக்கின்றன என்று பட்டியல் எடுப்பது அவனுடைய வேலை.

"பதிவேட்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள் தேனுஜா. 'உறங்கும் பிள்ளையுடன் தாய்' என்று மையால் எழுதியிருந்தது. பிற்காலத்தில் வேறு யாரோ 'உறங்கும்' என்பதைப் பென்சிலால் வெட்டி, 'இறந்த?' என்று எழுதியிருந்தார்கள். "நீங்கள் எது என்று நினைக்கிறீர்கள்?"

பேனாட் சிரித்தான். "எல்லோரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். கொங்கோவில் பிறந்தால் போதும், மரத்துக்கு நாடி பிடிக்கத் தெரியும் என்று நினைக்கிறார்கள். நான் கின்ஷாசாவில் நாலாம் மாடியில் வளர்ந்தவன். இப்படி ஒருத்தியை முதன்முதலில் பார்த்ததே பெல்ஜியத்தில், கண்ணாடிக்குப் பின்னால்."

"அப்படியென்றால் தெரியாதா?"

"பிள்ளை வரம் கேட்டுச் செய்தது என்று சிலர் எழுதுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் செய்வித்தது என்று சிலர். இவள் தனி ஒருத்தியே இல்லை, ஒரு குலத்துக்கே தாய் என்று சிலர். செய்வித்தவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கொண்டுவந்த மனிதர் கப்பலின் பெயரை எழுதியிருக்கிறார். மரப்பெட்டியின் இலக்கத்தை எழுதியிருக்கிறார். கேட்க மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை." பிறகு, "பிள்ளையின் முகத்தைப் பார்த்தீர்களா? முன்னாலிருந்து தெரியாது. திருப்ப வேண்டும். முக்கால்வாசிப் பேர் திருப்புவதில்லை," என்றான்.

தேனுஜா இரண்டு கைகளாலும் சிலையைத் தூக்கி மெல்லத் திருப்பினாள். டோர்ச்சைப் பிடித்துக் குனிந்தாள்.

ஒரு விரல் நுனியளவு முகம். ஆனால் அதில் எல்லாம் இருந்தன. மூடிய இமைகளுக்கு ஓரக்கோடு போட்டிருந்தது. மேலுதட்டின் நடுவே சிறு பள்ளம். காதுக்குள் மடிப்பு. பார்க்கிறவர் எவருக்கும் தெரியாத ஒரு பக்கத்தில், செதுக்கியவன் மிகச்சிறிய கத்தியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறான். தாயின் முகத்தைவிட இந்த முகத்துக்குத்தான் அதிக நேரம் போயிருக்கும். செய்வித்தவள் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்திருப்பாளோ, இல்லை, மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை, என்று. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததைச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்குச் சுகமில்லையா?" என்றான் பேனாட்.

"தூசு," என்றாள் தேனுஜா.

மதியம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னேரம் வருவதாகச் சொன்னாள். "வா, மீன் கிடக்கு," என்றாள் அம்மா.

*

அம்மா கமலாம்பிகை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். அதிகாலையில் போய் மதியம் திரும்பிவிடுவாள். தேனுஜா வந்தபோது பாவாடைச் சட்டையில், தலையில் துவாயுடன் கதவைத் திறந்தாள்.

"என்ன, மெலிஞ்சுபோய் நிக்கிறாய். இண்டைக்கு எந்தப் பொம்மையைத் துடைச்சனீ?"

"கொங்கோப் பொம்பிளை ஒராள். மடியிலை பிள்ளை."

"ஆறு வருஷம் படிச்சு, ஆரோ விட்டிட்டுப் போன பொம்மைக்குத் தூசு தட்டுறாய். என்ரை கண்ணாடி அலுமாரியைத் தட்டித் தா எண்டால் நாரி நோகுது எண்டுவாய்."

தேனுஜா சிரித்தாள். சிரித்தது நல்லதாகப் பட்டது. இந்தச் சிரிப்போடேயே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா, அந்தப் பெட்டியை எடுத்துத் தாங்கோ."

"எந்தப் பெட்டி?"

எந்தப் பெட்டி என்று அம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது அவள் தலையிலிருந்த துவாயை அவிழ்த்து, மடித்து, மறுபடி விரித்த விதத்தில் தெரிந்தது.

"முதல் சாப்பிடு. பேந்து கதைப்பம்."

"நான் பாக்கப்போறன் அம்மா. எனக்கு இப்ப ஏலும். இவ்வளவு நாளும் ஏலாமல் இருந்தது, இண்டைக்கு ஏலும்."

அம்மா குசினிக்குள் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"அது இல்லைப் பிள்ளை."

"இல்லையெண்டால்?"

"முப்பத்தோராம் நாள் ஊன்ட்றொப்புக்குக் கொண்டு போனனான்."

தேனுஜாவுக்கு உடனே விளங்கவில்லை. ஊன்ட்றொப்பில் அம்மன் கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் கால்வாய் இருக்கிறது. திருவிழாவில் தீர்த்தம் ஆடுவது அந்தக் கால்வாயில்தான். சின்ன வயதில் அதன் கரையில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதிருக்கிறாள். அந்தச் செருப்புத்தான் முதலில் ஞாபகம் வந்தது. பிறகுதான் முப்பத்தோராம் நாள் என்பது. செத்தவர்களின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அந்தியேட்டி செய்கிற நாள்.

"அம்மா. அதுக்குள்ளை இருந்தது படம்."

"இப்பிடிப் பிறந்த பிள்ளைக்கு எங்கடை முறையிலை ஒண்டுமில்லை. எட்டாம் நாள் சடங்கில்லை, அந்தியேட்டி இல்லை. அப்பிடியே விடச் சொல்லுறதோ? ஆஸ்பத்திரியிலை மூடி, கட்டி, என்ரை கையிலைதானே தந்தீங்கள். நான் அதை அஸ்தி மாதிரித்தான் நினைச்சனான். ஒருத்தரையும் கேக்கேல்லை. கோயிலுக்குள்ளை கொண்டு போகவுமில்லை. வெளியிலை நிண்டு கும்பிட்டிட்டு, கரையாலை சனமில்லாத இடத்துக்கு நடந்து போனன். வெள்ளைத் துணியிலை சுத்தி, பூ வச்சு விட்டனான்."

"திறந்து பாத்தனீங்களோ?"

"இல்லை. திறந்தால் விட ஏலாது எண்டு எனக்குத் தெரியும்."

"தாண்டதோ?"

அந்தக் கேள்வி எதற்காகத் தன் வாயில் வந்தது என்று தேனுஜாவுக்குத் தெரியவில்லை. அம்மா திரும்பினாள். கையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"உடனை தாழேல்லை. கொஞ்சத் தூரம் போனது. பேந்து சல்லி ஏத்தின கப்பல் ஒண்டு வந்துது. அது போன பிறகு பாத்தன், காணேல்லை."

தேனுஜா கதிரையில் உட்கார்ந்தாள். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தாள். கோபம் வந்தால் எழுந்து கத்தலாம், கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகலாம், பல மாதம் பேசாமல் இருக்கலாம். அதற்குள் இந்த விஷயத்தைச் சுற்றி வைக்கலாம். வரவில்லை. அட்டையில் பதித்த பாதம் நனையும்போது மை எந்தப் பக்கமாக ஓடியிருக்கும் என்றுதான் மனம் கணக்குப் பார்த்தது. முத்திரை மையென்றால் தாக்குப்பிடிக்கும். நீரில் கரையும் மையென்றால் பத்து நிமிடம். அவளுடைய தொழில் அது.

"உனக்கு முன்னம் எனக்கு ஒண்டு இருந்தது தெரியுந்தானே," என்றாள் அம்மா.

தெரியும். ஒருமுறை மருத்துவப் படிவம் நிரப்பும்போது, இது இரண்டாவது பிள்ளை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தேனுஜா மேலே கேட்டதில்லை.

"வவுனியாவிலை. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்திலை தங்கியிருக்கேக்கை. அதின்ரை முகத்தை நான் பாத்தனான். பாக்காதை எண்டு சொல்ல அங்கை ஆருமில்லை. பாத்துப்போட்டு, முப்பத்தாறு வரியமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். முட்டை உரிக்கேக்கை பாக்கிறன். பஸ்ஸிலை போகேக்கை பாக்கிறன். உங்கடை அப்பா செத்த அண்டு அவரைப் பாக்கிறன், அதுதான் தெரியுது. நீ பாக்கேல்லை எண்டு மதீசன் வந்து சொன்னோடனை, அம்மாளாச்சி என்ரை பிள்ளையைக் காப்பாத்திப்போட்டா எண்டு நினைச்சனான்." அம்மா துவாயால் கையைத் துடைத்தாள். "எண்டைக்கோ நீ கேப்பாய் எண்டு தெரியும். கேக்க முன்னம் இன்னொண்டு பிறந்திட்டால் கேக்கமாட்டாய் எண்டும் நினைச்சன்."

பிறகு சோறு போட்டாள். மீன் குழம்பு ஊற்றினாள். தேனுஜா சாப்பிட்டாள். முள்ளை எடுத்துச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தாள். இரண்டாந்தரம் குழம்பு விடவோ என்று அம்மா கேட்டபோது ஓம் என்றாள்.

*

மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தாள். மூன்றாவது நாள்தான் அந்த மருத்துவிச்சி கிடைத்தாள். அன்பானவள். குரலைக் கேட்டதும் யாரென்று சொல்லிவிட்டாள். படத்துக்குப் பிரதி இல்லை, அந்தக் கமராவில் பிரதி இருக்காது, பாதம் பதித்த அட்டையும் அந்த ஒன்றுதான் என்றாள்.

"உங்களுக்கு முகம் ஞாபகம் இருக்கிறதா?" என்று தேனுஜா கேட்டாள்.

"இருக்கிறது. நிறையக் கறுப்பு முடி. மிகவும் அழகான பிள்ளை."

எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் நிறையக் கறுப்பு முடிதான் என்று தேனுஜா நினைத்தாள். நன்றி சொல்லி வைத்தாள்.

மதீசன் இருந்தான். அவன் கையில் வாங்கியிருக்கிறான். முதல் மாதத்தில் ஒருநாள் அவள் தானாகவே கேட்டாள், எப்படி இருந்தது என்று. "மூக்கு உம்மடை மூக்கு. வாய் என்ரை அம்மாவின்ரை," என்று சொன்னான். அந்த ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அவள் எவ்வளவோ தூரம் வந்திருக்கிறாள். கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்து, அதைச் சிறிதாக்கி, சுற்றிவர ஒன்றுமில்லாத இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அம்மா செய்ததை அன்றைக்கே அவனுக்குச் சொல்லியிருந்தாள். வீடுகளில் வெப்பமூட்டி பொருத்தும் வேலை அவனுக்கு. அன்று அளவுநாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மயானத்துக்குப் போனார்கள். சிறுபிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில், காற்றாடிகளும் பிளாஸ்ரிக் பட்டாம்பூச்சிகளும் குத்திய மேடுகளுக்கு நடுவே, அவர்களுடையதில் கல் மட்டும் இருந்தது. மழை தூறியது. திரும்பிவந்து காரில் ஏறி, அவன் சாவியைப் போடுமுன் அவள் சொன்னாள்:

"மூக்கை விட்டிட்டு மற்றதைச் சொல்லுங்கோ. கன்னம் எப்பிடி? காது? உங்களுக்கு ஞாபகம் வாற எல்லாத்தையும் சொல்லுங்கோ. நான் எழுதி வைக்கப்போறன்."

கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். மதீசன் முன்கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தான்.

"தேனு."

"சொல்லுங்கோ."

"நான் பாக்கேல்லை."

அவள் பேனையின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"தூக்கினனான். ஆனால் துணியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். மஞ்சள் வாத்துப் போட்ட துணி. ஒரு வாத்துக்குக் கண் இல்லை, அச்சுப் பிழை. அந்த வாத்தையே பாத்தன். மேலை பாக்க ஏலாமல் போச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "நீர் ஒரு நாள் கேட்டீர். நான் என்ன சொல்லுறது? சொன்னன். சொன்னோடனை உம்மடை முகத்திலை ஒரு வெளிச்சம் வந்துது. பிறகு மாத்திச் சொல்ல ஏலேல்லை."

"உம்மடை மூக்கு எண்டு சொன்னது?"

"சும்மா சொன்னது."

அவள் மூடியைத் திரும்பப் போட்டாள். மழை கூரையில் விழுந்தது. பிள்ளை பிறந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள், பிள்ளையை மருத்துவிச்சி பார்த்தாள், மற்ற இருவரும் பலகையையும் வாத்தையும் பார்த்தார்கள். அம்மா பெட்டியைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை வாரமாகத் தான் காப்பாற்றி வைத்திருந்த மூக்கைக்கூட இனி என்ன செய்வதென்று தேனுஜாவுக்குத் தெரியவில்லை. அதைத் தூக்கிப்போடவும் இடமில்லை. அது தன் முகத்திலேயே இருந்தது.

"வீட்டை போவம்," என்றாள்.

அவன் சாவியைப் போட்டான்.

*

திங்கட்கிழமை சிலைக்குப் பெட்டி செய்யும் வேலை. பேனாட் பட்டியலில் எழுதிக்கொண்டு போய்விட்டான். கொங்கோவுக்குத் திருப்பி அனுப்புவதைப் பற்றி விண்ணப்பம் வரக்கூடும், வர வருடங்கள் ஆகும், அதுவரை இவள் இங்கேதான் இருக்க வேண்டும். பழைய பெட்டியில் அமிலம் ஏறியிருந்தது. புதிய அட்டையை அளந்து, வெட்டி, மடித்து, உள்ளே வெள்ளை நுரைத்தட்டில் உடம்பின் வடிவத்துக்குக் குழி குடைந்தாள். இதில் அவள் கெட்டிக்காரி. சிலையை இறக்கினால் தளர்வாகவும் இருக்கக்கூடாது, இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. கத்தியை மில்லிமீற்றர் மில்லிமீற்றராக நகர்த்தினாள். நூறு வருடம் தாங்கும் பெட்டி. தண்ணீர் வந்தாலும் சில மணி நேரம் தாங்கும்.

சிலையின் நிலையைப் பற்றிய அறிக்கையில் பிள்ளைக்கான கட்டம் இன்னும் வெறுமையாகக் கிடந்தது. 'கண்கள்: மூடியவை' என்று எழுதினாள். 'இடது பாதத்தின் நுனி இல்லை, பழைய உடைவு' என்று எழுதினாள். உறக்கமா இறப்பா என்பதற்குப் பதிவேட்டில் இருந்ததையே, மையையும் பென்சிலையும், அப்படியே பார்த்து எழுதினாள்.

சிலையை மல்லாக்கக் கிடத்தினாள். தாய் முகட்டைப் பார்த்தாள். பிள்ளை அவள் வயிற்றின் மேல் வந்தது. மூடியைப் போட்டாள்.

கடைசி வேலை ஒன்று மிச்சம். சேமிப்பறையின் விதி: ஒவ்வொரு பெட்டியின் வெளிப்பக்கத்திலும் உள்ளிருப்பதன் படம் ஒட்டியிருக்க வேண்டும். திறக்கத் திறக்கப் பொருள் தேயும். பார்க்க வேண்டுமென்று யாரும் தேவையில்லாமல் திறக்கக்கூடாது. படம் எப்போதும் முன்பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

அவள் இரண்டு படம் அச்செடுத்து வைத்திருந்தாள். ஒன்று முன்பக்கம். அதில் தாய் தெரிந்தாள், தொப்பி தெரிந்தது, பிள்ளை ஒரு முதுகாகவும் தொங்கும் கையாகவும் மட்டும் தெரிந்தது. மற்றது டோர்ச் வெளிச்சத்தில், மிக அருகிலிருந்து எடுத்தது. இமையின் ஓரக்கோடு, மேலுதட்டுப் பள்ளம், காது.

முன்பக்கப் படத்தை ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் அழுத்திவிட்டாள்.

மற்றப் படத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனாள். பிறகு திரும்பி வந்து, பையைத் திறந்து, அதை எடுத்து அறிக்கையோடு சேர்த்துக் கோப்புக்குள் செருகினாள். அது வேறொருத்தியின் பிள்ளை. அவள் பார்த்து, சொல்லி, செய்வித்தது.

விளக்கை அணைத்தாள். ரயிலுக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. கைப்பேசியில் அம்மா இரண்டு தரம் கூப்பிட்டிருந்தாள். தேனுஜா அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அழுத்தாமல், ஸ்டேசன் பக்கம் நடந்தாள்.